மெழுகுவத்தி ஏற்றிய மேதை

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகன் ஒரு சீப்பைத் தலையில் பரபரவென்று தேய்த்து, காகிதத் துணுக்குகளின் மேல் நீட்டினான். துணுக்குகள் துள்ளி ஒட்டிக்கொண்டன. இது ஏன் மாமா என்று கேட்டான். பௌதிகத்தில் முதுகலை பயிலும் நான் வாய் திறந்தேன். வந்தவையெல்லாம் ஆங்கிலச் சொற்கள். அடுத்து வந்தது ஒரு சமன்பாடு. பையன் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விட்டான். திரும்பி வரும் இரயில் பயணம் முழுவதும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போது நினைவுக்கு வந்தவர் மைக்கேல் பாரடே.

நண்பர்களே, பாரடேயைத் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். மனிதராக அறிந்திருக்கிறோமா?

1791-ஆம் ஆண்டு, இலண்டனுக்கு அருகே ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார் அவர். பஞ்ச காலத்தில் ஒரு ரொட்டியை ஒரு வாரம் வைத்துக்கொண்டு உண்ட சிறுவர். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும். பள்ளிப் படிப்பு அவ்வளவே. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். மற்றவர்கள் புத்தகங்களைக் கட்டினார்கள். இவரோ கட்டிய புத்தகங்களைப் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையைக் கண்டார். ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எளிய உரையாடலாக எழுதிய இரசாயன நூலும் கைக்கு வந்தது. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், கையிலிருந்த சில்லறைக் காசுக்குப் பொருள் வாங்கிச் சோதித்துப் பார்த்தார்.

1812-இல் இராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்பிரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. கேட்டதையெல்லாம் எழுதி, படம் வரைந்து, தாமே அழகாகப் புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் கைகொடுத்தது! 1813-இல் அங்கேயே உதவியாளர் வேலை கிடைத்தது. அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணம். டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். மனம் புண்பட்டும் பாரடே பொறுத்துக்கொண்டார். அறிஞர்களைக் காணும் வாய்ப்பை விடவில்லை.

1831 ஆகஸ்டு 29. ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் தனித்தனியே கம்பி சுற்றினார். ஒரு சுருளில் மின்கலத்தை இணைத்தார். மற்றச் சுருளோடு தொடர்புற்ற காந்த ஊசி சட்டென அசைந்து நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது மறுபடியும் அசைந்தது. மின்சாரம் ஒரே சீராக ஓடும்போது ஒன்றுமில்லை; மாறும்போதுதான் அசைவு! சில வாரங்களுக்குப் பின், கம்பிச் சுருளுக்குள் வெறும் காந்தத்தை நுழைத்து எடுத்தே மின்சாரம் உண்டாக்கிக் காட்டினார். இன்று அணைக்கட்டில் சுழலும் மின்னாக்கியும், நம் விடுதி விளக்குக்கு மின்சாரம் தரும் மின்மாற்றியும் அந்த ஆண்டின் பிள்ளைகளே.

1836-இல் பன்னிரண்டடி உயரம், நீளம், அகலமுள்ள கூண்டு ஒன்றைச் செய்து, கடத்தும் பொருளால் போர்த்தி, அதற்குள் தாமே போய் அமர்ந்தார். வெளியே பொறி பறக்க மின்னூட்டினார்கள். உள்ளிருந்த கருவியில் ஓர் அசைவும் இல்லை. மின்னூட்டம் வெளிப்பரப்பிலேயே தங்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

இத்தனைக்கும் அவருக்கு உயர்கணிதம் தெரியாது. காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் அணிவகுப்பதைக் கண்டு, வெளியெங்கும் விசைக் கோடுகள் பரவியிருப்பதாக மனக்கண்ணில் கண்டார். ஒளியும் அக்கோடுகளின் அதிர்வாக இருக்கலாமோ என்று 1846-இல் எண்ணிப் பார்த்தார். 1855-இல், என்னைவிட ஒரே வயது மூத்தவராயிருந்த மாக்ஸ்வெல் அக்கோடுகளுக்குக் கணித வடிவம் தரத் தொடங்கினார். ஒளி ஒரு மின்காந்த அலை என்ற முடிவு 1865-இல் அச்சேறியது. கணிதம் வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. கணிதத்துக்கு முன்னே ஒரு காட்சி வேண்டும். அந்தக் காட்சியைக் குழந்தைக்கும் காட்ட முடியவேண்டும்.

பாரடே காட்டினார். கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கென்றே பத்தொன்பது முறை தொடர் சொற்பொழிவு ஆற்றினார். ஒரு தொடரின் பொருள் என்ன தெரியுமா? மெழுகுவத்தி! வெப்பத்தால் மெழுகு உருகுவது, உருகியது திரியில் ஏறுவது, ஆவியாகி எரிவது, எரிந்தபின் நீராவியும் கரியமில வாயுவும் ஆவது என்று அந்தச் சிறு சுடரிலேயே விஞ்ஞானத்தின் வாயிலைத் திறந்துவைத்தார். சர் பட்டத்தை மறுத்தவர், இராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை ஏற்காதவர், சிறுவர்களின் அழைப்பை மட்டும் தட்டவில்லை. 1867-இல் மறைந்தார்.

அவரிடம் கற்ற துணிவோடு மருமகனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டேன். நான்காவதில் தமிழ் வந்தது. தேய்க்கும்போது தலைமயிரிலிருந்து மின்துகள்கள் சீப்புக்குத் தாவுகின்றன. அவை காகிதத்திலுள்ள தம் இனத்தைச் சற்று அப்பால் தள்ளுகின்றன. அதனால் காகிதத்தின் அருகுப் பக்கம் எதிர் இனமாகிறது. எதிர் இனம் இழுபடும். கிட்ட இருப்பதால் அந்த இழுப்பே வெல்லும் என்று எழுதினேன்.

நேற்றுப் பதில் வந்தது. அங்கே மழையாம். எவ்வளவு தேய்த்தும் சீப்பில் காகிதம் ஒட்டவில்லையாம். ஏன் என்று கேட்டிருக்கிறான். கடிதத்தாளை எடுத்துவைத்திருக்கிறேன்.