கோட்டைத் திருத்தாதே, தப்பைத் தேடு!

லேபில் மேட்பிளாட்லிப் வைத்து கிராஃப் போடுகிறோம். எக்ஸ் அச்சுக்கு 10 எண், ஒய் அச்சுக்கு 9 எண் கொடுத்தால், கணக்கு ஒத்துவரவில்லை என்று அது கோடு போடவே மறுத்துவிடும். உடனே சிலர் என்ன செய்கிறார்கள்? விட்டுப்போன ரீடிங் எது என்று தேடமாட்டார்கள். கையிலிருந்து ஒரு எண்ணைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். கோடு வந்துடும், உண்மை போயிடும்! சர்வே ப்ராக்டிகலில் குளோசிங் எரர் வந்தாலும் இதே கதைதான். அப்படி ஒப்பேற்றாத ஒருவர் நம் மண்ணில் வேலை செய்தார். அவர்தான் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்து, பட்டாளத்தில் சேர்ந்து இந்தியா வந்தவர். 1799-இல் திப்பு சுல்தானோடு நடந்த போரில், ஓர் இரவு படை நடந்துகொண்டிருந்தது. லாம்டன் வானத்தைப் பார்த்தார். வடக்கே போகவேண்டிய படை தெற்கே, எதிரி முகாமை நோக்கிப் போவதை நட்சத்திரங்கள் காட்டிக்கொடுத்தன. தளபதி பெயர்டு முதலில் நம்பவில்லை. திசைகாட்டியைப் பார்த்த பிறகுதான் படை திரும்பியது.

1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னை பரங்கிமலை அருகே, 100 அடி எஃகுச் சங்கிலியால் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். நீளம் ஏழரை மைல்தான். ஆனால் பிடித்த நாள் 57! ஏன் இவ்வளவு பொறுமை? முக்கோணத்தில் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். முதல் பக்கம் தப்பானால் அடுத்து வரும் அத்தனை முக்கோணமும் தப்பு.

தன் கணக்கையும் அவர் சும்மா நம்பவில்லை. முக்கோணம் முக்கோணமாக பெங்களூர் வரை போய், 1804-இல் அங்கே இன்னொரு அடிக்கோட்டைத் தரையில் அளக்க வைத்தார். கணக்கில் வந்த நீளத்துக்கும் தரையில் வந்த நீளத்துக்கும் வித்தியாசம் நான்கு அங்குலம்கூட இல்லை! கடற்கரைக்குக் கடற்கரை அளந்தபோது, பழைய வரைபடங்கள் தீபகற்பத்தின் அகலத்தைச் சுமார் 40 மைல் கூட்டிப் போட்டிருந்ததும் தெரிந்தது.

கோணம் பார்க்க உயரம் வேண்டும். கல்வராயன் மலை ஏறி, கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் விரிந்து கிடக்கும் சமவெளியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தஞ்சாவூரில் மலைக்கு எங்கே போவது? 1808-இல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேலே ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் வட்டமே நெளிந்துபோச்சு.

வேறு ஆளாயிருந்தால், ஏதோ சமாளிப்போம் என்று ரீடிங் எடுத்திருப்பார். லாம்டன் வேலையை நிறுத்தினார். கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஆப்பு, திருகு, கப்பி வைத்து நெளிந்த வட்டத்தை இழுத்து இழுத்து அதில் பொருத்தினார். வளைந்த ஆரைகளைச் சின்ன மரச்சுத்தியால் தட்டி நேராக்கினார். ஆறு வாரம் இதே வேலை! கருவி ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்த பிறகுதான் அளவை தொடர்ந்தது.

1823 ஜனவரி 20-இல், சுமார் 70 வயதில், மத்திய இந்தியாவில் ஹிங்கன்காட் என்ற ஊரில் அளவைப் பயணத்திலேயே உயிர் பிரிந்தது. பணியைத் தொடர்ந்த எவரெஸ்டின் பெயர் சிகரத்துக்கு வந்தது. அடித்தளம் போட்ட லாம்டனைப் பலருக்குத் தெரியாது.

நண்பர்களே! நாளைக்கு நம் கிராஃப் கோணலாய் வந்தால் கோட்டைத் தொடவேண்டாம். எண்கள் முழுசா இருக்கா, கருவி சரியா, கணக்கு சரியா என்று ஒவ்வொரு படியாய்ப் பின்னால் போய்ப் பார்ப்போம். பாலத்துக்கும் கட்டடத்துக்கும் நாளை அளவு சொல்லப்போவது நாம்தான். அதன்மேல் நடக்கப்போவது நம் ஊர் ஜனம்!