மாட்சா டீ உடம்புக்கு நல்லதா? 800 வருஷத்துக்கு முன்பே சிபாரிசு செய்த துறவி எய்சாய் யார்?

தேனி அல்லிநகரத்தில் டீ என்றால் பாலும் சர்க்கரையும் சேர்த்து, நுரை பொங்க ஆற்றித் தரும் டீதான். மேகமலையிலும், போடிமெட்டைத் தாண்டினால் மூணாறு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள் இருப்பதால், டீ இந்தப் பகுதிக்குப் பழகிய பொருள். ஆனால் இப்போது செல்போனைத் திறந்தால் வேறொரு டீ கண்ணில் படுகிறது. பச்சைப் பசேலென்று மாவு மாதிரி இருக்கும் 'மாட்சா'. எடை குறையும், இதயத்துக்கு நல்லது, புற்றுநோய் அண்டாது என்று ஏகப்பட்ட விளம்பரம்.

இந்தப் பேச்சு ஒன்றும் புதுசு இல்லை. டீ குடித்தால் ஆயுள் கூடும் என்று 1211-லேயே புத்தகம் எழுதியவர் ஜப்பானியத் துறவி எய்சாய். அவர் சொன்னதில் எது சரி, எது தவறு? இன்று குடிப்பவர்கள் எதில் கவனமாக இருக்கணும்?

யார் இந்த எய்சாய்?

இன்றைய ஒகயாமா மாகாணப் பகுதியில், 1141-ல் பூசாரிக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே துறவியாகி, கியோட்டோ அருகே உள்ள ஹியெய் மலை மடத்தில் படித்தார். 1168-ல் கப்பலேறி சீனா போய், சில மாதங்களில் திரும்பினார்.

1187-ல் மறுபடியும் கிளம்பினார். இந்த முறை அவர் போக நினைத்தது இந்தியாவுக்கு. சீனா வழியாக வந்து, புத்தர் வாழ்ந்த மண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஆசை. சீன அதிகாரிகள் அனுமதி கொடுக்கவில்லை. ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி ஜென் பௌத்தம் பயின்றார்.

அந்த ஜென் மரபின் மூலவராகக் கருதப்படுபவர் போதிதர்மர். காஞ்சிபுரத்து இளவரசர் என்று நம்பப்படுகிற அதே போதிதர்மர்தான். தியானத்தில் தூக்கம் வந்ததால் அவர் தன் இமைகளை வெட்டி எறிந்தார், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்று ஒரு கதையும் உண்டு. கதை கதைதான். ஆனால் ஜென் மடங்களில் துறவிகள் விழிப்போடு இருக்க டீ குடித்தது நிஜம்.

தேயிலை விதையோடு திரும்பியவர்

1191-ல் எய்சாய் ஜப்பானுக்குத் திரும்பியபோது ஜென் போதனையோடு தேயிலை விதைகளையும் கொண்டு வந்தார். டீ ஜப்பானுக்கு அவர்தான் முதலில் கொண்டு வந்தார் என்பது சரியல்ல. 9-ஆம் நூற்றாண்டிலேயே அரண்மனையில் குடித்திருக்கிறார்கள். பிறகு அந்தப் பழக்கம் மங்கிவிட்டது. பொடித்த தேயிலையை வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் சீன முறையைப் பரப்பியதுதான் எய்சாயின் வேலை.

அது லேசாக நடக்கவில்லை. பழைய மடங்களின் எதிர்ப்பால் 1194-ல் அவருடைய ஜென் போதனைக்கே தடை வந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1195-ல் ஹக்கட்டாவில் ஒரு கோயில், 1202-ல் கியோட்டோவில் கென்னின்ஜி கோயில் என்று நிறுவிக்கொண்டே போனார்.

ஷோகனின் தலைவலி

1214-ல் நடந்த சம்பவம் அவரைப் பெரிய ஆளாக்கியது. இளம் ஷோகன் மினமோட்டோ சனெட்டோமோ இரவு நிறையக் குடித்துவிட்டு, மறுநாள் எழ முடியாமல் கிடந்தார். பிரார்த்தனைக்கு வந்த எய்சாய், மருந்து என்று சொல்லி ஒரு கிண்ணம் டீ வரவழைத்தார். கூடவே டீயின் பெருமை பேசும் தன் நூலையும் கொடுத்தார். ஷோகனுக்கு ரொம்பச் சந்தோஷம் என்று அக்கால அரசு வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. அடுத்த ஆண்டே, 1215-ல், எய்சாய் காலமானார்.

அவர் சொன்னது சரியா?

நம் ஊர் அறுசுவை மாதிரி, ஐந்து உறுப்புக்கு ஐந்து சுவை என்பது அவர் கணக்கு. இதயத்துக்குக் கசப்பு வேண்டும், ஜப்பானியர்கள் கசப்பே சாப்பிடுவதில்லை, அதனால் டீ குடிக்கணும் என்றார். இந்த விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை.

ஆனால் இலையில் சரக்கு இருந்தது. 1929-ல் ஜப்பானிய விஞ்ஞானி மிச்சியோ சுஜிமுரா, கிரீன் டீயிலிருந்து 'கேட்டச்சின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியில் இருந்து வந்த பெயர் அது. துவர்ப்பும் கசப்பும் தருவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

2006-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், 40,530 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். கிரீன் டீ நிறையக் குடித்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய் மரணங்கள் குறைவாக இருந்தன. புற்றுநோய் மரணத்தில் அப்படி வித்தியாசம் இல்லை. டீதான் காரணம் என்று இந்த மாதிரி ஆய்வை வைத்து உறுதியாகச் சொல்லவும் முடியாது. எடை குறைவதும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஷோகனுக்குக் கூட, காஃபின் தந்த தெம்பும் உடம்புக்குக் கிடைத்த தண்ணீரும் உதவியிருக்கலாம். போதை மறுநாள் தலைவலிக்கு அது மருந்து அல்ல.

யார் கவனமாக இருக்கணும்?

சாதாரண கிரீன் டீயில் இலையை வடிகட்டிவிடுகிறோம். மாட்சாவில் முழு இலையும் வயிற்றுக்குள் போகிறது. நல்லது கூடுவது போலவே மற்றதும் கூடும்.

* 2 கிராம் பொடியில் சுமார் 40 முதல் 90 மில்லிகிராம் வரை காஃபின் இருக்கலாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு எல்லாப் பானங்களும் சேர்த்து நாளுக்கு 400 மில்லிகிராம் வரையும், கர்ப்பிணிகளுக்கு 200 வரையும் போதும். தூக்கம் வராதவர்கள் மாலைக்கு மேல் தொடவே வேண்டாம்.
* ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. கீரை, பருப்பில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும்.
* ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது. இலையில் உள்ள வைட்டமின் கே, மாத்திரையின் வேலையைக் குறைக்கும்.
* கிரீன் டீ சாறு மாத்திரைகள் வேறு விஷயம். அதிலுள்ள முக்கியமான கேட்டச்சின் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரல் பாதிப்புக்கான அறிகுறிகள் தெரிந்ததாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்தது.

எய்சாய் தன் நூலில் சொன்ன அளவு, காசு அகலமுள்ள கரண்டியில் இரண்டு மூன்று கரண்டி. கிண்ணத்தில் கலக்கிக் குடிக்கிற அளவுதான், டப்பா டப்பாவாக அல்ல. பிடித்தால் ஒரு கிண்ணம் குடிக்கலாம். ஆனால் இதை நம்பி சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்தினால், ஆயுளைக் கூட்டுவதற்காகக் குடித்த டீயே ஆபத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.