கைகளை மீட்ட கொல்லிமலைப் பிள்ளை

சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தால் கொல்லிமலை பெருஞ்சுவர்போல எழும்பி நிற்கும். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி பஸ் ஏறுகிறது. நூறாண்டுகளுக்கு முன் கால்நடைதான், மாட்டாதவர்களுக்கு டோலி. அம்மலைமேல் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் பாதிரியாரின் மகனே, 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட்.

ஒரு நாள் பெருவியாதிக்காரர் மூவர் மலையேறி வந்தனர். பாதிரியார் கையுறை மாட்டிக்கொண்டு புண்களைக் கழுவிக் கட்டினார். பிள்ளைகளைக் கிட்டே வரவிடவில்லை. சிறுவன் பாலுக்கு அது மறக்கவில்லை.

ஒன்பதாம் வயதில் அவர் படிக்க இங்கிலாந்து சென்றார். 1929-ல் தகப்பனார் மலைமேலேயே காய்ச்சலில் மாண்டார். மகன் மறுபடி அவர் முகத்தைக் காணவில்லை. மருத்துவம் படிக்குமுன் தச்சு வேலையும் கொத்து வேலையும் கற்றார். டாக்டருக்கு உளியும் கரண்டியும் எதற்கென்று தோன்றலாம். பொறுத்திருந்து பாருங்கள்.

1946-ல் எலும்பு வைத்தியராக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் விடுதியைப் பார்க்கப் போனார். எங்கும் மடங்கிப்போன கைகள்! இவற்றை ஏன் எலும்பு வைத்தியர் எவரும் ஆராயவில்லை என்று டாக்டர் காக்ரேனிடம் கேட்டார். எலும்பு வைத்தியர் நீர்தானே என்று அவர் திருப்பிவிட்டார். பிராண்ட் ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது! நோய் நரம்பைக் கெடுத்து உள்ளங்கையின் சிறு தசைகளைத்தான் முடக்குகிறது. முன்கைத் தசைகளில் வலு மிஞ்சியிருக்கிறது. அந்த நல்ல தசையின் நாணை விரலுக்கு மாற்றி இணைத்தால் விரல் நிமிரும் அல்லவா? 1948-ல் ரண சிகிச்சை தொடங்கியது. விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால் வேறொரு சங்கடம் முளைத்தது. கை நேரானவருக்குப் பிச்சை குறைந்தது. வேலையோ எவரும் தரவில்லை. குணமானவரே குறைப்பட்டுக்கொண்டு திரும்பி வந்தார். டாக்டர் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகள் கட்டி நவஜீவ நிலையம் அமைத்தார். அங்கே தச்சு வேலை கற்பித்தார். பழைய உளி இப்போது உதவிற்று.

அங்கேதான் மற்றொன்றும் விளங்கியது. விரல்கள் நோயால் உதிர்வதில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் அவற்றை இழக்கிறார்கள். உறங்கும்போது எலி கடித்தாலும் தெரியாது. அதனால் வீடு திரும்புகிறவர்களுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்தனுப்பினார்கள். ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டில் பூனை!

1960-ல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. 1966-ல் அமெரிக்கா சென்று கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தார். சர்க்கரை வியாதியால் உணர்ச்சியற்ற கால்களைக் காக்கவும் வேலூர்ப் பாடம் பயன்பட்டது. 2003-ல் காலமானார்.

தாயார் எவலின் அம்மையாரோ மலையை விடவில்லை. முதுமையிலும் மட்டக்குதிரை ஏறி ஊர் ஊராகச் சென்று மருந்து கொடுத்தார். 1974-ல் 95-ம் வயதில் காலமானவரைக் கொல்லிமலையில் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தனர்.