சார்கோய்டோசிஸை முதலில் பதிவு செய்த டாக்டர்: யார் இந்த ஜோனதன் ஹட்சின்சன்?

எக்ஸ்ரேயில் நுரையீரல் பக்கத்து நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தால், நம் ஊரில் முதல் சந்தேகம் டிபி மேல்தான். அதே சாயலில் வரும் இன்னொரு நோய் சார்கோய்டோசிஸ். இதை முதலில் பதிவு செய்த ஹட்சின்சனின் கதை தெரிந்தால், உங்க ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் வேறு கண்ணால் பார்ப்பீங்க.

யார் இவர்?

1828-ல் இங்கிலாந்தின் செல்பியில் பிறந்தவர், லண்டனில் அறுவை சிகிச்சை நிபுணர். பிறவி சிஃபிலிஸில் வரும் பல் குறைபாட்டுக்கு இன்றும் இவர் பெயர்தான். 1869-ல், கை கால்களில் ஊதா நிறத் தடிப்புகளோடு வந்த ஒரு தொழிலாளியைப் பார்த்தார். விவரங்களை 1877-ல் வெளியிட்டார். ஆனால் காரணம் கவுட் மூட்டுவலிதான் என்று நினைத்துவிட்டார். 1899-ல் நார்வேயின் சீசர் போக் இதே மாதிரித் தடிப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்து 'சார்காய்ட்' என்றார். பெயர் அப்படி வந்தது.

எங்கே சறுக்கினார்?

தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஹட்சின்சனோ, கெட்டுப்போன மீன்தான் காரணம் என்று பிடிவாதமாக இருந்தார். ஆதாரம் தேடி, 70 வயதைத் தாண்டியும் இந்தியாவுக்கே வந்தார். அந்தக் கருத்து நிற்கவில்லை. 1908-ல் சர் பட்டம் பெற்றார், 1913-ல் இறந்தார். கண்ணால் பார்த்ததைக் குறித்தவரை அவர் கில்லாடி. ஒரே காரணத்தைப் பிடித்துத் தொங்கியபோதுதான் தவறினார்.

உங்க ரிப்போர்ட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சார்கோய்டோசிஸில் ஏசிஇ என்ற நொதி ரத்தத்தில் கூடலாம் என்று 1975-ல் தெரியவந்தது. நோயில் உருவாகும் நுண்முடிச்சுகளின் செல்களே இதைச் சுரக்கின்றன. ஆனால் அளவு மரபணுவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரை சாப்பிட்டால் குறைவாகக் காட்டும். அதனால் டாக்டரிடம் மாத்திரை விவரத்தை மறக்காம சொல்லுங்க.

கரையும் ஐஎல்-2 ஏற்பி, கைட்டோட்ரையோசிடேஸ் ஆகியவையும் நோயின் தீவிரத்தைக் காட்ட உதவுகின்றன. ஆனால் யாருக்குத் தானாகவே சரியாகும், யாருக்கு நுரையீரலில் தழும்பு விழும் என்பதை எந்த ஒரு எண்ணும் தனியாகச் சொல்லிவிடாது. எக்ஸ்ரே, மூச்சுத்திறன் பரிசோதனை, கண் பரிசோதனை, இசிஜி எல்லாம் சேர்ந்துதான் சொல்லும்.

எண் கூடினால் பதறாதீங்க. நார்மல் என்றால் ஃபாலோ-அப்பை விட்டுடாதீங்க.