கடல்களை வென்று, மறக்கப்பட்ட மிகிர் சென்

ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியரான மிகிர் சென், 1930-ல் புரூலியாவில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் பயில இங்கிலாந்து சென்றபோது அவருக்கு நீச்சல் சரிவரத் தெரியாது. அங்கு ஃபிரீஸ்டைல் நீச்சலைக் கற்றுத் தேர்ந்து, முந்தைய முயற்சிகளின் தோல்வியால் தளராமல், 1958 செப்டம்பர் 27-ல் கால்வாயைக் கடந்தார். நேரம் 14 மணி 45 நிமிடம். 1959-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

1966-ல் இந்தியக் கடற்படை துணைவர, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு பாக் ஜலசந்தியை நீந்தினார். அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் ஜலசந்திகளையும் பனாமா கால்வாயையும் கடந்தார். விடுதலை பெற்ற நாட்டின் இளைஞர்களுக்குத் துணிவூட்டுவதே அவரது நோக்கமாக இருந்தது.

1967-ல் பத்மபூஷண் அளித்துப் போற்றிய தேசம், பின்னர் அவரை ஏறக்குறைய மறந்தது. நினைவாற்றலை இழந்த நிலையில், 1997 ஜூனில் கொல்கத்தாவில் அவர் காலமானார்.