ஆசாரிகிட்ட பாடம் கேட்ட ஆர்க்கிடெக்ட்

மடக்கு ஏணியை விரிச்சு நிறுத்திப் பாருங்க. ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டியிருப்பாங்க. அதை அவிழ்த்துட்டு மேல ஏறினா கால் ரெண்டும் அகட்டிக்கிட்டு நீங்க தரையில இருப்பீங்க. ஓட்டு வீட்டுக் கூரையும் இதே கதைதான். சரிவா நிற்கிற கைமரங்கள் பாரம் தாங்காம வெளிப்பக்கமா சுவரைத் தள்ளும். அப்படித் தள்ளாம இழுத்துப் பிடிக்கிறது குறுக்குச் சட்டம்.

இதெல்லாம் எனக்குப் போன செமஸ்டர் லீவு வரைக்கும் பரீட்சைக்கான விஷயம் மட்டும்தான். வீராம்பட்டினத்துல தாத்தா கட்டின ஓட்டு வீட்டைப் பிரிச்சு மாத்த ஆரம்பிச்சோம். குறுக்குச் சட்டம் ரொம்பத் தாழ்வா இருக்கு, ஃபேன் மாட்ட முடியலை, அதை மேல ஏத்திடலாமான்னு அப்பா கேட்டார். நான் சிவில் கடைசி வருஷம். எவ்வளவு ஏத்தலாம்னு என்னால சொல்ல முடியலை. கூரை மேல உட்கார்ந்திருந்த ஆசாரி என்னைப் பார்த்துச் சிரிச்சார். அந்தச் சிரிப்புல எனக்கு ஞாபகம் வந்தவரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

அவர் பேர் ஜார்ஜ் நகஷிமா. 1905ல அமெரிக்காவுல, வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரத்துல, ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். காட்டியல் படிக்கப் போய், கட்டடக்கலைக்கு மாறி, எம்.ஐ.டி.யில முதுகலை முடிச்சார். அப்புறம் என்ன பண்ணார் தெரியுமா? காரை வித்துட்டு உலகம் சுத்தக் கப்பல் ஏறிட்டார். பிரான்ஸ், வட ஆப்பிரிக்கான்னு அலைஞ்சு, கடைசியா டோக்கியோ போய், 1934ல ஆன்டொனின் ரேமண்ட்ங்கிற செக் நாட்டு ஆர்க்கிடெக்ட்கிட்ட வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த ரேமண்ட் அலுவலகத்துக்கு நம்ம புதுச்சேரியில இருந்து ஒரு வேலை வந்தது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துச் சாதகர்கள் தங்க ஒரு விடுதி. ஹைதராபாத் நிஜாம் அரசுல இருந்து பணம் வந்ததால கட்டடத்துக்கு கோல்கொண்டான்னு பேர். கட்டுற இடத்துல நின்னு பார்த்துக்க நகஷிமா 1937ல இங்க வந்தார்.

நீங்க ஒயிட் டவுன் பக்கம் போனா அந்தக் கட்டடத்தை வெளியில நின்னு பாருங்க. மூணு மாடி. வடக்கும் தெற்கும் பார்த்த முகம். அந்த ரெண்டு முகத்துலயும் ஜன்னலே கிடையாது. சுவர் முழுக்கத் திருப்பித் திறக்கிற கிடைப் பலகைகள். வெயிலை மறைச்சு, காத்தை மட்டும் உள்ள விடும். அறைக் கதவும் இழுத்து நகர்த்துற தேக்குச் சட்டக் கதவுதான். கூரைக்கு வாங்க. தட்டையான கான்கிரீட் தளத்து மேல, முன்னாடியே வார்த்து எடுத்த வளைஞ்ச கான்கிரீட் ஓடுகளை அடுக்கினாங்க. நடுவுல காத்துப் போக இடைவெளி. சூடு மேல் ஓட்டோட நின்னுடும். புதுச்சேரி மே மாசத்துல மொட்டை மாடிக்குக் கீழ தூங்கினவங்களுக்கு இதோட அருமை புரியும். ஏ.சி. இல்லாத காலத்துக் கணக்கு அது.

வேலை மெதுவாத்தான் நடந்தது. வேலை செஞ்சவங்கள்ல பெரும்பாலும் கட்டடம் கட்டிப் பழகாத ஆசிரமவாசிகள். அவசரமே படலை. ஒரு அறையை முழு அளவுல மாதிரியா கட்டிப் பார்த்துட்டுத்தான் மேல போனாங்க. இந்த வேலை முறை நகஷிமாவை மாத்திடுச்சு. சம்பளம் வேண்டாம்னு சொல்லிட்டு ஆசிரமத்துலயே சேர்ந்துட்டார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தான்னு பேர் வெச்சார். அழகுல ஆனந்தம் காண்பவர்னு அர்த்தம்.

1939ல அவர் கிளம்பினார். கட்டடம் முடியறதுக்கு இன்னும் சில வருஷம் ஆச்சு. ஜப்பான் வழியா அமெரிக்கா போய், 1941ல மரியானைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அந்த டிசம்பர்ல ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கினது. அமெரிக்க அரசு தன்னோட மேற்குக் கடற்கரையில இருந்த ஜப்பானிய வம்சாவளிக்காரங்களைப் பிடிச்சு முகாம்ல அடைச்சது. ஒரு லட்சத்துக்கும் மேல பேர். அதுல பலரும் அங்கயே பிறந்த குடிமக்கள். 1942ல நகஷிமாவும் மரியானும் கைக்குழந்தை மீராவோட ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போனாங்க.

அங்கதான் அவருக்கு ஹிகோகாவாங்கிற ஜப்பானியத் தச்சர் கிடைச்சார். எம்.ஐ.டி. பட்டதாரி அவர் பக்கத்துல போய் உட்கார்ந்து, உளியைத் தீட்டறதுல இருந்து பாடம் கேட்டார். கழிவு மரத்துண்டும் பாலைவனச் செடிக் கட்டையும்தான் பொருள். மரத்தோட மரம் எப்படிப் பூட்டிக்கணும், ஆணி இல்லாம எப்படிப் பிடிக்கணும்னு அங்கதான் கத்துக்கிட்டார்.

1943ல பழைய முதலாளி ரேமண்ட் பொறுப்பேத்து அவங்களை வெளிய எடுத்து, பென்சில்வேனியாவுல நியூ ஹோப் ஊர்ல இருந்த தன் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போனார். அங்க கோழி வளர்த்தார் நகஷிமா. பக்கத்துலயே நிலம் சேர்த்து, தன் பட்டறையையும் வீட்டையும் தானே கட்டினார். 1960 வாக்குல கட்டி முடிச்ச கோனாய்டு ஸ்டூடியோதான் அதுல உச்சம். சில அங்குலமே தடிமன் உள்ள கான்கிரீட் கூரை, அலை அலையா வளைஞ்சு நிற்கும். உள்ள தூணும் இல்லை, குறுக்குச் சட்டமும் இல்லை. அந்த வளைவுதான் பலம்.

அவர் செஞ்ச மேசைகள் இன்னும் பிரபலம். வெடிப்பு விட்ட பலகையை அவர் தூக்கிப் போட மாட்டார். வெடிப்புக்குக் குறுக்க பட்டாம்பூச்சி வடிவக் கட்டையைப் பதிச்சு, மேல விரியாம பிடிச்சு நிறுத்துவார். 1990ல இறந்தார். அமைதிக்காக அவர் வடிவமைச்ச பெரிய மேசைகள்ல ஒண்ணு, அவர் போன பிறகு 1996ல நம்ம ஆரோவில்லுக்கு வந்தது.

சரி, எங்க வீட்டுச் சட்டம்? நான் பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். சட்டத்தைச் சுவர் மட்டத்துல இருந்து முகட்டு உயரத்துல மூணுல ஒரு பங்கு ஏத்தினா அதுல வர்ற இழுவிசை ஒன்றரை மடங்கு. பாதி உயரம் ஏத்தினா ரெண்டு மடங்கு. அதோட, சட்டத்துக்குக் கீழ இருக்கிற கைமரத் துண்டைப் பிடிக்க ஆளில்லாததால அது வளையவும் ஆரம்பிக்கும். நான் கணக்கை முடிக்கிறதுக்குள்ள ஆசாரி மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழயே கரிக்கட்டையால கோடு போட்டுட்டார். கைமரம் கனமா வேணும், உப்புக் காத்துல ஆணி நிக்காது, போல்ட் போடணும்னும் சொல்லிட்டார். எங்க ரெண்டு பேர் விடையும் ஒண்ணுதான். ஆனா அவர் மர அளவையும் துருவையும் சேர்த்து யோசிச்சிருந்தார். நான் யோசிக்கலை.

இப்ப ஃபேன் சுத்துது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நடுவுல கிடைக்கிற சனிக்கிழமைகள்ல அவர் பட்டறைக்குப் போறேன். முதல் மாசம் முழுக்க உளி தீட்ட மட்டும்தான் விட்டார். உங்க தெருவுலயும் இப்படி ஒரு ஆசாரி இருப்பார். டிகிரி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை போய்ப் பாருங்க.