கனவில் கண்ட ஆலயம்

லண்டன் மாநகரின் பிளாக்ஹீத் பகுதியில் 1904ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் டாரதி ஈடி என்னும் அம்மையார் பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே மகவு. மூன்று வயதில் மாடிப்படியினின்றும் உருண்டு விழுந்தார். வந்து பார்த்த மருத்துவர் உயிர் பிரிந்துவிட்டதென்றே கூறிச் சென்றார். சிறிது நேரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, குழந்தை கட்டிலில் அமர்ந்து விளையாடிக்கொண்டிருந்தது.

அன்று முதல் அக்குழந்தைக்கு அமைதியான உறக்கம் இல்லாது போயிற்று. பெருந்தூண்கள் நிறைந்த ஒரு கட்டடமும், அதனை அடுத்து ஒரு தோட்டமும் கனவில் மீண்டும் மீண்டும் தோன்றின. விழித்தெழுந்ததும், தன் வீட்டிற்குப் போகவேண்டுமென்று குழந்தை அழும். அது இருப்பதே அதன் வீடுதான் என்று பெற்றோர் எவ்வளவு சொல்லியும் கேளாது. நான்கு வயதில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றபோது, எகிப்தியச் சிலைகளின் பாதங்களை முத்தமிட்டு, அவ்விடம் விட்டு வர மறுத்தது. பின்னர் ஒருநாள், எகிப்து நாட்டு அபிடோஸ் ஆலயத்தின் படம் ஒன்றைக் கண்டது. அதுவே தன் இல்லம் என்று துள்ளியது. அது இடிந்து கிடப்பது ஏன், தோட்டம் எங்கே என்று கலங்கியது.

பதினைந்தாம் வயதில் துன்பம் முற்றியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வாலயத்தை எழுப்பிய முதலாம் சேத்தி மன்னனின் பதனிட்ட உடல் இரவில் தம்மிடம் வந்ததாக அவர் கூறினார். தீக்கனவுகளும் உறக்கத்தில் எழுந்து நடக்கும் வழக்கமும் அவரை வாட்டின. மனநோய் இல்லங்களில் பலமுறை வைக்கப்பட்டார். எனினும் அவர் மனம் சோரவில்லை. அருங்காட்சியக அறிஞர் வாலிஸ் பட்ஜ் அளித்த ஊக்கத்தால் பண்டை எகிப்தியச் சித்திர எழுத்தைக் கற்றார்.

எகிப்தியர் ஒருவரை மணந்து, 1930களின் தொடக்கத்தில் அந்நாட்டை அடைந்தார். கரையிறங்கியதும் மண்ணை முத்தமிட்டார். மகனுக்குச் சேத்தி என்று பெயரிட்டமையால், சேத்தியின் தாய் எனப் பொருள்படும் ஓம் சேத்தி என்பதே அவர் பெயராயிற்று. இரவுகளில் தம்மை மறந்து எழுதிய எழுபது பக்கங்களளவான குறிப்புகளில் முற்பிறவிக் கதை ஒன்று வெளிப்பட்டது என்றார். அதன்படி அவர் பென்ட்ரெஷித் என்னும் ஏழைப்பெண், கோயிலுக்கு ஒப்படைக்கப்பட்டவள், நோன்பு தவறி மன்னனை நேசித்து, அவனுக்குப் பழி நேராதிருக்கத் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவள்.

தொல்பொருள் துறையில் சலீம் ஹசன், அகமத் பக்ரி ஆகிய அறிஞர்களிடம் ஓவியம் வரைபவராகப் பணியாற்றினார். 1956இல், தம் ஐம்பத்திரண்டாம் வயதில், தலைநகர வாழ்வைத் துறந்து அபிடோஸில் குடியேறினார். துறையின் தலைமை ஆய்வாளர் அவரைச் சோதிக்க எண்ணினார். காரிருளில், தாம் கூறும் சுவரோவியத்தின் முன் போய் நிற்குமாறு பணித்தார். அவை இருக்கும் இடங்கள் அக்காலத்தில் நூலேறவில்லை. ஆயினும் அம்மையார் தவறாது போய் நின்றார் என்பர். அவர் சொன்ன தோட்டத்தின் சுவடும் அகழ்வில் கிடைத்தது என்பர்.

மண்குடிசையில் வாழ்ந்து, சிதறிய கற்களின் எழுத்துகளைப் படித்துத் தொகுத்தார். 1969இல் ஓய்வு பெற்றார். காலையும் மாலையும் ஆலயத்தில் வழிபட்டார். ஒசிரிஸ், ஐசிஸ் ஆகியோரின் பிறந்த நாட்களில் அப்பமும் பானமும் படைத்தார். 1981 ஏப்ரல் 21இல் மறைந்து, அபிடோஸ் மண்ணிலேயே அடங்கினார்.

அவர் கண்டவை முற்பிறவி நினைவுகளே என்று நம்பினாரும் உளர். இளமையில் விழுந்தபோது தலைக்கு நேர்ந்த ஊறே காரணம் என்றாரும் உளர். அவ்வழக்கு எவ்வாறாயினும், அவர் செய்த பணியை இருசாராரும் மறுத்திலர். குழந்தையை இரவெல்லாம் அழவைத்த தூண்களே, முதுமையில் அவர் கைபட்டுத் துலங்கின. கனவாக வந்து அச்சுறுத்தியது, தொண்டாக மாறியபோது அமைதி தந்தது. இடிந்த ஆலயத்தைக் கண்டு கலங்கிய நெஞ்சம், அதன் பணிக்கே தன்னை ஒப்படைத்து நிறைவு பெற்றது.